பெரிய சிஸ்டருக்கு டூட்டி முடிந்தது

என் மாமியாரை எங்கள் தெருவில் யாரும் என் மாமியார் என்று சொல்வதில்லை. என்னைத்தான் பெரிய சிஸ்டருடைய மருமகன் என்பார்கள். கடை வாசலில் மூக்குக்கண்ணாடிப் படம் வரைந்து, ஆளுயர எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறேன். கிட்டப்பார்வைக்காரன்கூட எதிர்ச் சாரியில் நின்று படித்துவிடலாம். ஆனாலும் வழி கேட்பவர்களிடம், "பெரிய சிஸ்டர் வீடு இருக்குல்ல, அதுக்குக் கீழே ஏதோ ஒரு கண்ணாடிக் கடை" என்றுதான் சொல்கிறார்கள். அந்த 'ஏதோ' எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

அவர் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பான நர்ஸாக இருந்தவர். கணவர் இளம் வயதிலேயே போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்ஸுகள் தங்கும் குவார்ட்டர்ஸில் ஒரே ஓர் அறை. அதில் ஒரு மகனையும் ஒரு மகளையும் வளர்த்து ஆளாக்கினார். பெரிய டாக்டர்களே அவர் வார்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்காமல்தான் நடப்பார்களாம். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்த ஒரு போலீஸ்காரரைக் காலைப் பிடித்து இழுத்து, குத்திவிட்டு, "இதுக்கா உனக்கு மீசை?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் போலீஸ்காரர் இன்றும் எங்கள் கடைக்குத்தான் கண்ணாடி மாற்ற வருகிறார். வந்தால் குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர் மேலே இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

என்னிடமும் அதே கதைதான். அவர் மகளைக் கட்டிக்கொடுக்கச் சொல்லிப் போய் நின்றபோது என் வருமானத்தைக் கேட்பார், குணத்தைக் கேட்பார் என்று நாலு நாள் ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தம் பத்தாது. ஒரு மாசம் ஒழுங்கா சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். நான் மாய்ந்து மாய்ந்து சாப்பிட்டேன். மறுபடி இமையைப் பார்த்த பிறகுதான் கல்யாணம் முடிவானது.

ஓய்வு பெற்றதும் எங்களோடு வந்துவிட்டார். சில வருடங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்களை. டாக்டரிடம் காட்டினோம். அவர் மாத்திரை கொடுத்தார், இது கூடிக்கொண்டுதான் போகும், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு காலையில் மாமியார் என் போர்வையின் நாலு மூலையையும் விறைப்பாக இழுத்து மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தார். நான் போர்வைக்குள்ளேதான் இருந்தேன். "அசையாம படுங்க. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற நேரம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீடு வார்டாகிவிட்டது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம். மனுஷிக்கு வேலை கிடைத்துவிட்டது. பால்காரர் முதல் தபால்காரர் வரை படியேறி வந்தவர்கள் எல்லோருக்கும் நாடி பார்த்தார். பால்காரரிடம், "நைட்டு தூங்குறதில்லையா நீ?" என்று கேட்கப்போய், அவரும் கண் கலங்கி, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போன கதையெல்லாம் சொல்லி, ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டுப் போனார். என்னைச் சில நாள் மாப்பிள்ளை என்பார், சில நாள் டாக்டர் என்பார், பெரும்பாலும் ஒன்றாம் நம்பர் பெட் என்பார். அவர் மகளை, அதாவது என் வீட்டுக்காரியை, பாப்பா என்று கூப்பிடுவது மட்டும் சில சமயம் வந்தது, சில சமயம் வரவில்லை. வராத நாளில் அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வார்டில் ஒரே ஒரு சிக்கல். சாயங்காலம் ஆனால் சிஸ்டர் காணாமல் போய்விடுவார்.

என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் வரும்வரை பகலில் நான் கடைக்கும் மாடிக்குமாக ஏறி இறங்குவேன். அதுவரை மாமியார் வாசல்படிகூடத் தாண்டமாட்டார். அவள் வந்து, முகம் கழுவி, டீ போட அடுப்பைப் பற்றவைத்துத் திரும்புவாள். அம்மா இருக்கமாட்டார். மாடிப்படி பக்கத்துச் சந்தில் இறங்குவதால் கடையிலிருக்கும் என் கண்ணிலும் படமாட்டார். முதல் தடவை தெருமுனை மருந்துக்கடையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தடவை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் ஒரு லாரி வந்து வாசலில் நின்றது. ஓட்டுநர் பக்கத்தில் ராணி மாதிரி இவர் உட்கார்ந்திருந்தார். மெயின் ரோட்டின் நடுவில் நின்று வண்டிகளைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தாராம். விலாசத்தைத் தெருக்காரர்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மா எனக்கு பி.பி. இருக்குன்னு சொல்றாங்க சார். நிஜமாவா?" என்று லாரிக்காரர் என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் வீட்டுக்காரி வாசலிலேயே வாந்தி எடுத்தாள். பயம் அப்படி.

விஷயம் வெளியூரில் இருக்கும் மச்சான் காதுக்குப் போனது. அவளுடைய அண்ணன், நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒரே போனில் முடித்துவிட நினைப்பவர். "இங்க ஒரு முதியோர் இல்லம் இருக்கு. சுத்துச்சுவர், வாட்ச்மேன் எல்லாம் உண்டு. பேசிட்டேன். மாசக் கடைசியில கார் எடுத்துக்கிட்டு வர்றேன். அம்மா லாரியில அடிபட்டுச் சாகறதைப் பார்க்க என்னால முடியாது" என்றார். அவள் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க. அதான் கஷ்டமா இருக்கு" என்றாள்.

மாசக் கடைசிக்குள் மாமியார் வெளியே போவதை நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் எங்களை விட்டுப் போய்விடுவார். நான் களத்தில் இறங்கினேன். கதவில் மணி கட்டினேன். "பேஷண்ட்டெல்லாம் தூங்கறாங்க, இது என்ன கூத்து?" என்று அதற்குள் பஞ்சை அடைத்துவிட்டார். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, "வார்டைப் பூட்டிட்டான்! உள்ளே தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது? எவன்டா அவன்?" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்ச் சாரி முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அந்த எவன் நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியாக விலாசமும் போன் நம்பரும் எழுதிய பட்டையை அவர் மணிக்கட்டில் கட்டினேன். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழற்றி என் கையில் கட்டினார். "பட்டை பேஷண்ட்டுக்குக் கட்டறது. இதைக் கழட்டினீங்கன்னா பாருங்க" என்றார். அன்று முழுக்க அதோடு கடையில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களெல்லாம் எனக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று ராத்திரி சாப்பாட்டில் கத்திவிட்டேன். "தலைகீழா நின்னாலும் இந்தம்மாவைப் பிடிச்சு வைக்க முடியாது. உங்கண்ணன் வரட்டும்!" என்றேன். மாமியார் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஜுரம் இல்லை. பசிதான். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றார்.

அதற்கு மறுநாளோ அதற்கும் மறுநாளோ, பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம். அவள் வர நேரமாகும் என்று போன் செய்தாள். கடையில் அன்றைக்கென்று கூட்டம் வந்து நெரித்தது. ஒரு பெரியவர் கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிட்டு, உடைந்தது என் ஃப்ரேமின் குற்றம் என்று சண்டை. எல்லோரையும் அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் தெருவிளக்கு எரிகிறது. மேலே கதவைப் பூட்டினேனா என்று நினைத்துப் பார்த்தேன். பூட்டவில்லை. மூன்று மூன்று படியாகத் தாவி ஏறினேன்.

கதவு விரியத் திறந்து கிடந்தது. மாமியார் அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார். தலை வாரி, முகம் கழுவி, தோளில் கைப்பை. கிளம்பத் தயார். ஆனால் கிளம்பவில்லை.

"அத்தை... போகலையா?" என்றேன். மூச்சு வாங்கியது.

"எப்படிப் போறது?" என்றார் எரிச்சலாக. "டூட்டி மாத்திவிட ஆள் வரலையே. வார்டை யாரை நம்பி விட்டுட்டுப் போறது? இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு நேரம் காலமே கிடையாது."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மாற்றுக்கு வருகிற நர்ஸிடம் சார்ஜ் கொடுக்காமல், அதாவது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைக்காமல், எந்த நர்ஸும் வார்டை விட்டு நகரக்கூடாது. உயிரே போனாலும் நகரமாட்டார்கள். என் வீட்டுக்காரி தினமும் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே என்ன சொல்வாள்? "அம்மா, நான் வந்துட்டேன். இனிமே நான் பார்த்துக்கறேன். நீ போய் ரெஸ்ட் எடு." பாசமாகத்தான் சொன்னாள். அதைவிடத் தெளிவாக ஒரு நர்ஸிடம் டூட்டி முடிந்தது, வீட்டுக்குப் போ என்று சொல்லவே முடியாது. அவரை இத்தனை நாளும் வாசலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

சந்தில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. படியேறி வந்தாள். வாயைத் திறந்து, "அம்மா, நான்..." என்று ஆரம்பித்தாள். நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். அவள் பயந்துபோய் என் விரலைக் கடித்துவிட்டாள்.

"பேசாதே! வந்துட்டேன்னு சொல்லாதே!"

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க. வார்டு இது" என்றார் மாமியார்.

அடுத்த நாளிலிருந்து நான் புத்திசாலி ஆகிவிட்டேன். சாயங்காலம் ஆனால் மேலே போய், "சிஸ்டர், இன்னிக்கு மாத்து ஆள் லீவாம். டபுள் டூட்டி" என்பேன். அவர் முணுமுணுப்பார், மேலிடத்தைத் திட்டுவார், ஆனால் பையைக் கழற்றி மாட்டிவிட்டு மறுபடி வேலையில் இறங்கிவிடுவார். ஆள் நகரவில்லை. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஆனால் டபுள் டூட்டியில் அவர் உட்காரமாட்டார் என்பது எனக்குத் தெரியாது. கண் சொருகச் சொருக நின்றுகொண்டே இருந்தார். கால் வீங்கிவிட்டது. என் வீட்டுக்காரி அந்தக் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"சின்ன வயசுல குவார்ட்டர்ஸ்ல உட்கார்ந்து அம்மா எப்ப வருவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். மாத்து ஆள் வரலைன்னு விடியக்காலையிலதான் வருவாங்க. அதையே நாம இப்பப் பொய்யா சொல்லணுமா? இவ்வளவு வேலை பார்த்த மனுஷிக்கு டூட்டி முடியவே கூடாதா?"

"அப்ப முடிச்சு விடு. முடிஞ்சா எங்கே போவாங்க? ரோட்டுக்கு!"

"ரோட்டுக்கு இல்லீங்க. குவார்ட்டர்ஸைத் தேடித்தான் போறாங்க. குவார்ட்டர்ஸுக்குப் போக ரோட்டைத் தாண்டவே வேண்டாம். வார்டுக்குப் பின்னாடிதான் இருக்கு."

எங்கள் வீட்டின் பின்னறையில் அவரும் மகளுமாகப் படுப்பது வழக்கம். அதில் கிடந்த என் பழைய லென்ஸ் பெட்டிகளையெல்லாம் அவள் வெளியே எடுத்துப் போட்டாள். கட்டிலை ஜன்னலோரம் திருப்பினாள். கம்பியில் பச்சைத் திரை மாட்டினாள். குவார்ட்டர்ஸில் அப்படித்தான் இருந்ததாம். நான் பெட்டிகளைச் சுமந்து கடைக்கு இறக்கினேன். அதற்குள் மச்சானின் கார் வந்துவிட்டது. மாசக் கடைசி என்றவர் மூன்று நாள் முன்னாலேயே வந்து நின்றார்.

கையில் காலிப் பெட்டி ஒன்றோடு மேலே வந்தார். அம்மாவின் துணிமணிக்கு. மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. மச்சான் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஒரே ஒரு சாயங்காலம் இரு அண்ணா. பார்த்துட்டு முடிவு பண்ணு" என்றாள் தங்கை.

"எத்தனை சாயங்காலம் பார்த்தாச்சு? காலையில கிளம்பறோம்" என்றார். ஆனால் உட்கார்ந்தார்.

வெயில் இறங்கியது. மாமியார் முகம் கழுவி, தலை வாரி, பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்க்க ஆரம்பித்தார். கதவைத் திறந்தே வைத்தோம். என் வீட்டுக்காரி வெளியே போய் நின்று, ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு, உள்ளே வந்தாள்.

"குட் ஈவினிங் சிஸ்டர். டூட்டி மாத்த வந்திருக்கேன். சார்ஜ் கொடுங்க."

மாமியார் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எப்படிச் சொல்ல! முதுகு நிமிர்ந்தது. எத்தனை நாளாக யாரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை. நேரே என்னிடம் அவளை அழைத்து வந்தார்.

"ஒண்ணாம் நம்பர் பெட். கண்ணாடிக் கடைக்காரர். வாய் நீளம், மனசு தங்கம். சர்க்கரை இருக்கு. லென்ஸ் டப்பாவுக்குள்ள மிட்டாய் ஒளிச்சு வெச்சிருக்கார், பிடுங்கிடு."

"அப்படியா சிஸ்டர்?" என்று என் வீட்டுக்காரி என்னை முறைத்த முறையை நினைத்தால் இன்னும் எனக்குக் குளிர்கிறது. மச்சான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தவரிடம் மாமியார் போய் நின்று, மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடினார்.

"ரெண்டாம் நம்பர். இன்னிக்குத்தான் அட்மிஷன். உடம்புக்கு ஒண்ணும் இல்லை, ரொம்பத் தூரம் வந்திருக்கு. பயந்திருக்கு. யாராவது பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட வை."

மச்சானின் சிரிப்பு நின்றது. மாமியார் அவர் கையை விட்டுவிட்டுப் பின்னறை வாசலுக்குப் போனார். பச்சைத் திரையை விலக்கி, காலிக் கட்டிலைக் காட்டினார். குரலைத் தாழ்த்தினார்.

"இது மூணாம் நம்பர். வயசான அம்மா. மறதி. நல்லாத்தான் பேசுவாங்க, ஆனா எல்லாம் மறந்துபோகும். சாயங்காலமானா வாசலுக்குப் போவாங்க. பூட்டி வைக்காதே. பூட்டினா அவமானமா இருக்கும் அவங்களுக்கு. கேட்டதையே கேப்பாங்க, புதுசா கேக்கற மாதிரி பதில் சொல்லு. ஒரு பொண்ணு இருக்கு, பாப்பான்னு பேரு. வேலைக்குப் போயிட்டு வரும். பேரு மறந்தாலும் அது வந்தா இவங்களுக்குத் தெரியும். கால் சத்தத்துலயே தெரிஞ்சிடும். சொல்லத்தான் வராது. அதை மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட எப்படியாவது சொல்லிடு."

மச்சான் பெட்டியைப் பார்த்தபடி கேட்டார்.

"சிஸ்டர், இந்த மூணாம் நம்பரை... வேற இடத்துக்கு மாத்தலாம்னு..."

"யார் சொன்னது?" வார்டு முழுக்கக் கேட்கிற பழைய குரல். "இந்தப் பேஷண்ட்டை எங்கேயும் மாத்தக்கூடாது. இங்கே நல்லாப் பார்த்துக்கறாங்க."

மச்சான் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரி கண்ணீர் வழிய வழிய நின்றாள். மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. பையைத் தோளில் சரிசெய்துகொண்டு அவளை அதட்டினார்.

"அழுதா ஆச்சா? சார்ஜ் எடுத்துக்கிட்டேன்னு வாயைத் திறந்து சொல்லும்மா. நீ சொல்லாம நான் எப்படிப் போய்த் தூங்கறது?"

"எடுத்துக்கிட்டேன் சிஸ்டர்" என்றாள் அவள். "மூணு பேரையும் எடுத்துக்கிட்டேன்."

மாமியார் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஜன்னலோரக் கட்டிலில் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார். வாசல் கதவு திறந்தே கிடந்தது.